காலர் இல்லாத சட்டையும் கோல்ஃப் மைதானத்தின் வாசலும்

லண்டனின் தென்மேற்கில் உள்ள விம்பிள்டன் காமன் என்ற பொதுநிலத்தில் கோல்ஃப் ஆடுகிறவர் யாராக இருந்தாலும், அவருடைய மேலுடை சிவப்பாக இருந்தாக வேண்டும். அந்த நிலம் கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு மட்டும் உரியதல்ல. நாயோடு நடக்க வருகிறவர்களும், குதிரையில் வருகிறவர்களும், குழந்தைகளைக் கூட்டி வருகிறவர்களும் அதே புல்வெளிகளைக் கடந்து போகிறார்கள். பந்து எந்தத் திசையிலிருந்து பறந்து வரக்கூடும் என்பதை அவர்கள் ஒரே பார்வையில் கண்டுகொள்ள வேண்டும் என்பதற்காகவே அந்தச் சிவப்பு. அங்கு ஆடும் கிளப்கள் 19ஆம் நூற்றாண்டிலிருந்து இந்த வழக்கத்தைக் கடைப்பிடித்து வருகின்றன. அந்த விதியை அமல்படுத்துகிறவரிடம் யாராவது ஏன் என்று கேட்டால், அவர் தயங்காமல் ஒரே வரியில் பதில் சொல்லிவிட முடியும்.

உலகம் முழுவதும் கோல்ஃப் மைதானங்களின் வாசலில் ஒட்டப்பட்டிருக்கும் மற்ற உடை விதிகளைப் பற்றி இப்படிச் சொல்ல முடிவதில்லை. காலர் இல்லாத சட்டை கூடாது, ஜீன்ஸ் கூடாது, பக்கவாட்டுப் பைகள் வைத்த கார்கோ ஷார்ட்ஸ் கூடாது, சட்டையை உள்ளே செருகியிருக்க வேண்டும், தொப்பியைத் திருப்பிப் போடக் கூடாது, ஷார்ட்ஸ் அணிந்தால் காலுறை இன்ன நீளத்தில் இருக்க வேண்டும் என்று அந்தப் பட்டியல் நீளும். இவற்றை மைதானங்கள் வற்புறுத்தலாமா என்ற விவாதம் பெரும்பாலும் மரபு வேண்டும் என்போருக்கும் சுதந்திரம் வேண்டும் என்போருக்கும் இடையிலான சண்டையாகவே நடக்கிறது. அந்தச் சண்டையில் எந்தப் பக்கம் நின்றாலும் பயனில்லை என்று நினைக்கிறேன். கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த விதிக்கு மைதானத்தின் தரையிலோ, ஆடுகிறவரின் உடம்பிலோ, பக்கத்தில் நிற்பவரின் பாதுகாப்பிலோ ஒரு காரணம் இருக்கிறதா? இருக்கிற விதியைத் தயவுதாட்சண்யம் இல்லாமல் அமல்படுத்தலாம். இல்லாத விதிக்காகப் பணம் கட்டி ஆட வந்த ஒருவரைத் திருப்பி அனுப்புவது தவறு.

முதலில், கோல்ஃப் விதிகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்பது நல்லது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸைத் தலைமையிடமாகக் கொண்ட ஆர் அண்ட் ஏ அமைப்பும் அமெரிக்காவின் யுஎஸ்ஜிஏ அமைப்பும் சேர்ந்து வெளியிடும் விதிநூல் 2019இல் பெரிய அளவில் திருத்தப்பட்டு, 34 விதிகள் 24 ஆகக் குறைக்கப்பட்டன. ஆட்டக்காரரின் நடத்தையைப் பற்றிப் பேசும் விதி 1.2 அவரிடம் எதிர்பார்ப்பவை மூன்று: நேர்மையாக ஆட வேண்டும், பிறரிடம் அக்கறை காட்ட வேண்டும், மைதானத்தைப் பேண வேண்டும். இதில் உடையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. 1744இல் எடின்பரோவில், லீத் மைதானத்தில் ஆடியவர்கள் எழுதிவைத்த 13 விதிகள்தாம் இன்று நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய கோல்ஃப் விதிகள், அவற்றிலும் இல்லை. எனவே உடை விதி என்பது ஆட்டத்தின் விதி அல்ல; இடத்தின் விதி. அதை எழுதுவது அந்தக் கிளப்பின் குழு, அல்லது மைதானத்தின் உரிமையாளர், அல்லது போட்டியை நடத்துகிறவர். எழுதியவர் யார் என்பது மாறும்போது அந்த விதிக்கு இருக்கும் நியாயமும் மாறுகிறது என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

மரபு என்ற வாதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் உடை விதியை ஆதரிப்பவர்கள் முதலில் எடுத்துவைப்பது அதைத்தான். 18ஆம் நூற்றாண்டின் கோல்ஃப் சங்கங்களில் சிவப்புக் கோட்டு அணிந்து ஆடும் வழக்கம் இருந்தது. பிளாக்ஹீத் கிளப்பைச் சேர்ந்த வில்லியம் இன்னஸின் புகழ்பெற்ற ஓவியத்தில் அந்தக் கோட்டை இன்றும் பார்க்கலாம். பிறகு கடற்கரைக் காற்றைத் தாங்குவதற்காகக் கனமான ட்வீட் கோட்டும் முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும் கால்சட்டையும் வந்தன. பிரிட்டனின் பெரிய போட்டியான ஓபனை 6 முறை வென்ற ஹாரி வார்டன் கழுத்தில் டையோடு ஆடியவர். இடுப்பில் பெல்ட் கட்டுவதைவிடத் தோளில் பிரேஸ் என்ற பட்டையை மாட்டிக்கொள்வதே ஆட்டத்துக்கு நல்லது என்று அறிவுரை சொன்னவரும் அவர்தான். முழங்காலுக்கு 4 அங்குலம் கீழே தொங்கும் 'பிளஸ் ஃபோர்ஸ்' கால்சட்டை 1920களில் பிரிட்டிஷ் இளவரசர் எட்வர்டால் அமெரிக்காவரை பரவியது. வார்டன் இன்று தன் வழக்கமான உடையில் வந்தால், பெல்ட் கட்டாயம் என்று வைத்திருக்கும் கிளப்பில் அவரை ஆடவிட மாட்டார்கள்.

இன்று மரபின் அடையாளமாக முன்வைக்கப்படும் காலர் வைத்த அரைக்கைச் சட்டையின் கதை இன்னும் சுவையானது. அது கோல்ஃபில் பிறந்ததல்ல. ஃபிரெஞ்சு டென்னிஸ் வீரர் ரெனே லகோஸ்ட் 1926இல் அமெரிக்கப் போட்டியில் அணிந்து வந்தது அது. அதுவரை டென்னிஸ் வீரர்கள் கஞ்சி போட்ட முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு ஆடினார்கள். வியர்வையை வெளியேற்றும் நெசவு, கையைத் தடுக்காத அரைக்கை, வெயில் அடித்தால் நிமிர்த்திக் கழுத்தை மூடிக்கொள்ள மென்மையான காலர் என்று ஒவ்வொரு பகுதியையும் உடம்பின் வசதிக்காக யோசித்துச் செய்த உடை அது. அதன் முன்னால் நின்ற பழைய கண்ணியம் அதை அரைகுறை உடையாகத்தான் பார்த்திருக்க வேண்டும். வசதிக்காகப் பிறந்த ஒரு சட்டை, நூறாண்டுக்குள், வேறொரு வசதியான சட்டையைத் தடுக்கும் அளவுகோலாகிவிட்டது. மரபு என்று நாம் சொல்வது பெரும்பாலும் நம் தாத்தாக்களின் இளமைக்காலப் புதுமைதான்.

இந்த விதிகள் எங்கிருந்து வலுப்பெற்றன என்பதைப் புரிந்துகொள்ள, உடையை விட்டுவிட்டு ஒரு கதவைப் பார்க்க வேண்டும். 1920இல் இங்கிலாந்தின் டீல் நகரில் ஓபன் போட்டி நடந்தபோது, தொழில்முறை ஆட்டக்காரர்கள், உறுப்பினர்கள் கூடும் கிளப்ஹவுஸுக்குள் நுழைய அனுமதி இல்லை. ஆட்டத்தை நடத்தித் தருகிறவர்கள் அவர்கள். உள்ளே உட்கார்ந்து தேநீர் குடிக்கிறவர்கள் வேறு. அமெரிக்காவிலிருந்து வந்திருந்த வால்டர் ஹேகன் ஒரு பெரிய சொகுசுக் காரை வாடகைக்கு அமர்த்தி, கிளப்ஹவுஸின் முன்னாலேயே நிறுத்தி, அதையே தன் உடைமாற்றும் அறையாக வைத்துக்கொண்டார். அதே ஆண்டு அமெரிக்காவின் டொலிடோவில் உள்ள இன்வெர்னஸ் கிளப் யுஎஸ் ஓபனை நடத்தியபோது, தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் தன் கிளப்ஹவுஸின் கதவைத் திறந்துவிட்டது. அந்த ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் பணம் திரட்டி ஆளுயரக் கடிகாரம் ஒன்றை அந்தக் கிளப்புக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். ஒரு கதவு திறந்ததற்காகக் கடிகாரம் வாங்கிக் கொடுக்கும் அளவுக்கு நன்றி சொல்லத் தோன்றியிருக்கிறது என்றால், அதுவரை மூடியிருந்த கதவுகள் அவர்களை எப்படி நடத்தியிருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

கோல்ஃபின் உடை விதி இந்தக் கதவின் நீட்சியாகவே பல இடங்களில் வேலை செய்திருக்கிறது. ஜீன்ஸை எடுத்துக்கொள்வோம். 1873இல் ஜேக்கப் டேவிஸும் லீவை ஸ்ட்ராஸும் காப்புரிமை பெற்ற அந்தக் கால்சட்டை, உடலுழைப்புத் தொழிலாளர்கள் வேலை செய்யும்போது கிழியாமல் இருப்பதற்காகப் பைகளின் ஓரத்தில் செப்பு ஆணி அடித்துத் தைக்கப்பட்டது. அதில் ஆட்டத்துக்குக் கெடுதலானது எதுவும் இல்லை. மழையில் நனைந்தால் கனக்கும், குனிந்து நிமிரக் கொஞ்சம் இறுக்கும். அந்தச் சிரமம் அணிந்தவருக்கு மட்டும்தான். ஆனாலும் கோல்ஃப் உலகில் மிகப் பரவலாகத் தடைசெய்யப்பட்ட உடை அதுதான். அதே நேரத்தில் தேசியக்கொடி அச்சிட்ட கால்சட்டையும் கண்ணைப் பறிக்கும் பூக்கள் நிறைந்த கால்சட்டையும் பெரிய போட்டிகளில் தடையின்றி உலாவியிருக்கின்றன. இயன் போல்டர் 2004 ஓபனில் பிரிட்டிஷ் கொடிக் கால்சட்டையோடு ஆடினார். ஆகவே இந்த விதி அடக்கத்தையோ அழகையோ அளப்பதாகச் சொல்ல முடியாது. யார் எந்த வேலையிலிருந்து வந்தவர் என்பதை அளந்த ஒரு பழைய அளவுகோல், அளந்தவர்கள் போன பிறகும் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

பெண்களின் விஷயத்தில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆட வந்த பெண்கள் தரையைத் தொடும் பாவாடையோடும் இடுப்பை இறுக்கும் கச்சையோடும் ஆட வேண்டியிருந்தது. காற்றில் பாவாடை பறந்து பந்தை மறைக்காமல் இருக்க, இடுப்பில் கட்டியிருக்கும் ஒரு நெகிழ்பட்டையை அடிக்கும் நேரத்தில் முழங்காலுக்கு இறக்கிக்கொள்வார்கள். அதற்கு 'மிஸ் ஹிக்கின்ஸ்' என்று பெயர். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் குனிந்து பட்டையை இறக்கி, அடித்த பிறகு மறுபடி ஏற்றிக்கொண்டு நடந்த அந்தப் பெண்களை நினைத்துப் பார்த்தால், உடை விதியின் சுமையைச் சுமப்பவர் யார் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும். 1933இல் வெஸ்ட்வர்ட் ஹோ மைதானத்தில் நடந்த இங்கிலாந்துப் பெண்கள் போட்டிக்கு குளோரியா மினோப்ரியோ என்பவர் கருநீலக் கால்சட்டை அணிந்து, ஒரே ஒரு மட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தார். பெண்கள் கோல்ஃப் ஒன்றியம் அந்த உடையைக் கண்டித்தது. ஆனால் அவரை ஆட வேண்டாம் என்று சொல்ல அதன் கையில் எந்த விதியும் இல்லை.

ஏறத்தாழ 84 ஆண்டுகள் கழித்து, 2017 ஜூலையில், பெண்களின் தொழில்முறைப் போட்டிகளை நடத்தும் அமெரிக்காவின் எல்பிஜிஏ தன் வீராங்கனைகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. கழுத்து இறங்கிய மேலாடை கூடாது, பாவாடைக்கோ ஷார்ட்ஸுக்கோ அடியில் அணிந்தாலன்றி லெக்கிங்ஸ் கூடாது, பாவாடை இன்ன நீளத்துக்குக் குறையக் கூடாது, மீறினால் முதல் தடவை 1,000 டாலர் அபராதம், அடுத்தடுத்த தடவைகளில் இரட்டிப்பு என்று அதில் இருந்தது. கால இடைவெளி எவ்வளவோ இருந்தாலும், இரண்டு விஷயங்களிலும் பேச்சு ஒன்றுதான்: ஆட்டக்காரியின் அடி எங்கே விழுந்தது என்பதல்ல, அவர் பார்ப்பவர் கண்ணுக்கு எப்படித் தெரிகிறார் என்பது. இதில் இன்னொரு முரணும் உண்டு. தொழில்முறைப் பெண்கள் பல பத்தாண்டுகளாக ஷார்ட்ஸ் அணிந்து போட்டிகளில் ஆடுகிறார்கள். ஆண்களுக்குப் பெரும்பாலான போட்டிகளில் அது மறுக்கப்படுகிறது. பல கிளப்களில் பெண்கள் கையில்லாத மேலாடை அணியலாம், ஆண்கள் கூடாது. ஆட்டத்தின் தேவையிலிருந்து பிறந்த விதியாக இருந்தால், அது முழங்காலுக்கு முழங்கால் இப்படி மாறாது.

வெயிலின் கதையும் இதோடு சேர்ந்தது. 18 குழிகளை நடந்தே ஆடி முடிக்க ஏறத்தாழ 4 மணி நேரம் ஆகும். 8 கிலோமீட்டருக்கும் மேல் நடக்க வேண்டியிருக்கும். 1983இல் ஓக்மான்ட் மைதானத்தில் நடந்த யுஎஸ் ஓபனின் கடைசிக் குழிக்குப் போகும் வழியில், ஃபாரஸ்ட் ஃபெஸ்லர் ஒரு தற்காலிகக் கழிப்பறைக்குள் போய்க் கால்சட்டையைக் கழற்றி, ஷார்ட்ஸ் மாட்டிக்கொண்டு வந்து ஆடினார். அப்போது அது ஒரு எதிர்ப்பு என்ற அளவில் பேசப்பட்டது. 1999இல் சிகாகோ அருகே நடந்த வெஸ்டர்ன் ஓபனில், சுட்டெரிக்கும் வெயிலில் ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமந்துகொண்டு நடந்த ஒரு கேடி சுருண்டு விழுந்த பிறகுதான், அமெரிக்காவின் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூர் கேடிகளுக்கு ஷார்ட்ஸ் அணிய அனுமதி தந்தது. ஒரு மனிதர் தரையில் விழுந்த பிறகு திருத்தப்பட்ட விதி, அவர் விழுவதற்கு முந்தைய நாள்வரை என்ன நியாயத்தைக் காத்துக்கொண்டிருந்தது என்ற கேள்வியை நான் கடந்துபோக முடியவில்லை.

ஆட்டக்காரர்களுக்கு அந்தத் தளர்வு வர இன்னும் நாளானது. ஐரோப்பிய டூர் 2016இல் பயிற்சிச் சுற்றுகளிலும், தொழில்முறை ஆட்டக்காரர்கள் அமெச்சூர்களோடு சேர்ந்து ஆடும் புரோ-ஆம் ஆட்டங்களிலும் ஷார்ட்ஸை அனுமதித்தது. பிஜிஏ டூர் 2019 பிப்ரவரியில் அதே வழிக்கு வந்தது. 2022இல் லிவ் கோல்ஃப் என்ற புதிய தொடர் போட்டியிலேயே அனுமதித்துவிட்டது. ஆனால் பிஜிஏ டூரில் இன்றும் புதன்கிழமை புரோ-ஆமில் ஷார்ட்ஸோடு ஆடிய அதே ஆட்டக்காரர், வியாழக்கிழமை அதே மைதானத்தில், அதே வெயிலில் முழுக்கால்சட்டைக்கு மாறியாக வேண்டும். தொலைக்காட்சியில் தெரியும் ஆட்டம் ஒரு குறிப்பிட்ட தோற்றத்தில் இருக்க வேண்டும் என்று போட்டி நடத்துகிறவர் விரும்புவது புரிகிறது. பரிசுத்தொகைக்காக ஆடுகிறவருக்கு அது ஒரு தொழில் நிபந்தனை. சீருடையைப் போல அதை அவர் ஏற்றுக்கொள்கிறார். தொந்தரவு தொடங்குவது அந்தத் தொலைக்காட்சித் தோற்றத்தை, ஞாயிற்றுக்கிழமை காலையில் சொந்தக் காசில் ஆட வருகிறவர்மேல் ஒரு சாதாரண மைதானம் ஏற்றும்போதுதான்.

இதுவரை சொன்னதை வைத்து, உடையைப் பற்றிய எந்த விதியும் வேண்டாம் என்பது என் நிலைப்பாடு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. காலுக்குப் போடுவதைப் பற்றி மைதானம் எவ்வளவு கண்டிப்பாக இருந்தாலும் நான் அதன் பக்கம் நிற்பேன். பழைய கோல்ஃப் ஷூக்களின் அடியில் 6 முதல் 8 மில்லிமீட்டர் நீளமுள்ள உலோகக் கூர்முனைகள், அதாவது ஸ்பைக்குகள், இருந்தன. குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய பரப்பான கிரீனில் புல்லின் உயரம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான். அந்தப் புல்மேல் ஸ்பைக் ஊன்றிய கால் சற்றுத் திரும்பினால், வேரோடு ஒரு சிறு கொத்து மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். கண்ணுக்கு அது ஒரு பொருட்டாகவே தெரியாது. ஆனால் பின்னால் வருகிறவர் அடித்த பந்து, குழிக்கு ஓர் அடி தூரத்தில் வேகம் குறைந்து உருளும்போது, அந்தக் கொத்தில் தட்டி விலகும். 42.67 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பந்து அந்த இடத்தில் விரல் அகலம் விலகினாலே குழியைத் தவறவிடக்கூடும். போதாததற்கு, 2019 வரை இந்த ஸ்பைக் தடத்தைத் தன் பந்தின் பாதையில் சரிசெய்யக்கூட விதி அனுமதிக்கவில்லை. ஒருவரின் ஷூ நாள் முழுவதும் பின்னால் வரும் அத்தனை பேரின் ஆட்டத்தையும் கெடுத்தது. 1990களில் மென்மையான பிளாஸ்டிக் ஸ்பைக்குகள் வந்ததும் மைதானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உலோகத்தைத் தடைசெய்தன. அந்தத் தடை இன்று யாருக்கும் உறுத்துவதில்லை. ஹை ஹீல்ஸ் கூடாது என்பதும், வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்பதும் அதே வகை.

காலருக்கும் இப்படி ஒரு காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாதா என்று கேட்கலாம். முடியும். 4 மணி நேரம் குனிந்து பந்தைப் பார்த்துக்கொண்டு நிற்பவரின் பின்கழுத்தில் வெயில் நேராக விழுகிறது; காலர் அதை மறைக்கிறது. ஆனால் அந்தக் காரணத்தை ஏற்றுக்கொண்டால், காலரைவிட நன்றாகக் கழுத்தை மூடும் உயர்கழுத்துச் சட்டையையும், தலையையும் சேர்த்து மறைக்கும் ஹூடியையும் முதலில் வரவேற்க வேண்டும். டைகர் வுட்ஸ் காலர் இல்லாத உயர்கழுத்துச் சட்டையோடு பெரிய போட்டிகளை வென்ற பிறகு அது பல கிளப்களில் ஏற்கப்பட்டது. 2020 அக்டோபரில் டிரெல் ஹாட்டன் ஹூடி அணிந்து இங்கிலாந்தின் வென்ட்வொர்த்தில் பிஎம்டபிள்யூ பிஜிஏ சாம்பியன்ஷிப்பை வென்றபோது, அவருடைய ஆட்டத்தைவிட அந்த உடையைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். ஆகக் கழுத்தில் என்ன இருக்கிறது என்பதைவிட, அதை யார் போட்டுக்கொண்டு வென்றார் என்பதே விதியை மாற்றியிருக்கிறது.

உடை விதியை ஆதரிப்பவர்களின் வாதங்களில் இரண்டு என்னை யோசிக்க வைப்பவை. ஒன்று, எல்லோரும் ஒரே மாதிரி எளிய சட்டையும் கால்சட்டையும் அணிந்தால் பணக்காரருக்கும் மற்றவருக்கும் வேறுபாடு தெரியாது என்பது. பள்ளிச் சீருடைக்குச் சொல்லும் அதே நியாயம் இது, அதில் உண்மையும் உண்டு. ஆனால் பள்ளிக்கூடத்தில் அந்தச் சீருடையைப் போட்டுக்கொண்டே குழந்தை ஆண்டு முழுவதும் போகிறது. கோல்ஃபில் முதல்முறையாக ஆடிப்பார்க்க வருகிறவருக்கு அந்த உடையே முதல் செலவாகிவிடுகிறது. மட்டையை இரவல் வாங்கலாம், மைதானத்திலேயே வாடகைக்கும் எடுக்கலாம். சட்டையையும் கால்சட்டையையும் ஷூவையும் அப்படி வாங்க முடியாது. இரண்டாவது வாதம், உடை ஒழுங்காக இருந்தால் நடத்தையும் ஒழுங்காக இருக்கும் என்பது. என் அனுபவத்தில் இதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கிரீனில் பந்து விழுந்து ஏற்பட்ட பள்ளத்தைச் சரிசெய்வதும், பங்கர் எனப்படும் மணல் பள்ளத்தில் தன் காலடித் தடத்தை வாரிவிட்டு வருவதும், விதிநூல் பரிந்துரைக்கும் 40 விநாடிக்குள் அடித்துவிட்டுப் பின்னால் காத்திருப்பவருக்கு வழிவிடுவதும்தான் இந்த ஆட்டத்தில் மரியாதை. அவை காலரோடு ஒட்டிப் பிறந்தவை அல்ல.

சில ஆண்டுகளுக்கு முன், பணம் கட்டினால் யாரும் ஆடலாம் என்று அறிவித்திருந்த ஒரு மைதானத்தில், எனக்கு முன்னால் ஒரு தந்தையும் பதின்மூன்று வயது மதிக்கத்தக்க மகனும் ஆட்டம் தொடங்கும் இடமான முதல் டீயில் நின்றிருந்தார்கள். பையன் வட்டக்கழுத்து டி-ஷர்ட் போட்டிருந்தான். துவைத்து இஸ்திரி போட்ட மடிப்பு கையில் தெரிந்தது. மைதானத்தின் ஊழியர் வந்து, பையனைப் பார்க்காமல் தந்தையிடம் மட்டும், காலர் இல்லாமல் அனுப்ப முடியாது என்று தணிந்த குரலில் சொன்னார். தந்தை அங்கிருந்த புரோ ஷாப் என்ற கடைக்குப் போய், மைதானத்தின் சின்னம் பொறித்த ஒரு சட்டையை வாங்கி வந்தார். சிறுவர் அளவு இல்லை. பெரியவர் அளவில் சிறியதுதான் கிடைத்தது. ஆடுவதற்குக் கட்டிய கட்டணத்தைவிட அதன் விலை அதிகம். தோள்தையல் பாதிக் கைக்கு இறங்கியிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அவன் இரண்டு கைகளையும் தோள்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு நின்றான். மட்டையைத் தூக்கும்போது ஒரு கை மறுபடி அவிழ்ந்து முழங்கைக்குக் கீழே வந்துவிடும். மூன்றாவது குழிவரை அதைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அன்று எனக்குப் பின்னால் வந்த நால்வரும் மாசற்ற காலரோடு வந்தவர்கள். ஆறாவது குழியின் பங்கரை உழவு நிலமாக்கிவிட்டு வாராமலே போனார்கள். அவர்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

அந்த ஊழியரை நான் குறைசொல்ல மாட்டேன். அவர் கையில் கொடுத்த பட்டியலை அவர் நிறைவேற்றினார். ஆனால் விதி எழுதிய குழு அந்த இடத்தில் இல்லை. சிறுவனின் முகத்தைப் பார்த்துக் காரணம் சொல்ல வேண்டிய வேலை, காரணம் தெரியாத ஒருவர் தலையில் விழுந்தது. அவர் தந்தையிடம் மட்டும் பேசியதற்கு அதுவே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். முன்பதிவு செய்யும்போதே சொல்லியிருந்தால் அவர்கள் வேறு சட்டையோடு வந்திருப்பார்கள், அல்லது வேறு மைதானத்துக்குப் போயிருப்பார்கள். முதல் டீயில், நான்கு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது சொல்வது அமல்படுத்துவதில் மிக மோசமான வகை. 2024இல் அமெரிக்காவின் அகஸ்டா மைதானத்தில் நடந்த மாஸ்டர்ஸ் போட்டியில் ஜேசன் டே அணிந்திருந்த, பெரிய எழுத்துகள் பொறித்த கையில்லாத ஸ்வெட்டரைக் கழற்றிவிடும்படி அகஸ்டா கேட்டுக்கொண்டதும், அவர் மறுக்காமல் கழற்றியதும் செய்தியாயின. அழைப்பின் பேரில் ஆடும் ஒரு தனியார் மைதானம், தன் நிபந்தனைகளை நன்கு அறிந்த தொழில்முறை ஆட்டக்காரரிடம் அப்படிக் கேட்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்தப் பையன் யாருடைய விருந்தாளியும் அல்ல. பணம் கட்டி வந்தவன்.

இந்த இடத்தில்தான் மைதானத்தின் வகை முக்கியமாகிறது. உறுப்பினர்கள் தங்கள் பணத்தில் நடத்தும் தனியார் கிளப், தன் உணவறைக்குக் கோட்டு வேண்டும் என்று வைத்துக்கொண்டால் அது அவர்கள் வீட்டு வழக்கம். பிடிக்காதவர் சேராமல் இருக்கலாம், சேர்ந்தவர் கூட்டத்தில் வாக்களித்து மாற்றலாம். அங்கும் சட்டத்துக்கு ஓர் எல்லை உண்டு: பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம் 25 அல்லது அதற்கு மேற்பட்ட உறுப்பினர்கள் கொண்ட சங்கங்களுக்கும் பொருந்தும் என்பதால், மத நம்பிக்கையால் தலையை மூடுகிறவரைத் தொப்பி விதியைக் காட்டித் தடுக்கும் கிளப் சட்டச் சிக்கலைத் தானே தேடிக்கொள்கிறது. உள்ளாட்சி அமைப்புகளின் மைதானங்களும், கட்டணம் செலுத்தும் எவருக்கும் திறந்திருப்பதாக விளம்பரம் செய்யும் மைதானங்களும் வேறு நிலையில் இருக்கின்றன. அவை வரவேற்பதாகச் சொல்லிவிட்டுக் கதவில் நின்று பிரிக்கக் கூடாது. கோல்ஃபின் தாய்வீடாகக் கருதப்படும் செயின்ட் ஆண்ட்ரூஸின் ஓல்ட் கோர்ஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் ஆட்டத்துக்கு மூடியிருக்கும். அன்று ஊர்மக்கள் ஜீன்ஸோடும் நாய்களோடும் அதன் புல்லின்மேல் நடந்து போகிறார்கள். அந்தப் புல்லுக்கு எதுவும் ஆகிவிடவில்லை.

கணக்குப் பார்க்கிறவர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. அமெரிக்காவின் நேஷனல் கோல்ஃப் ஃபவுண்டேஷன் 2023ஆம் ஆண்டுக்குத் தந்த கணக்கின்படி, ஏதோ ஒரு வடிவில் கோல்ஃப் ஆடியவர்கள் அந்நாட்டில் ஏறத்தாழ 4.5 கோடிப் பேர். அவர்களில் மைதானத்தில் ஆடியவர்கள் 2.66 கோடி. மீதி 1.84 கோடிப் பேர் டாப்கோல்ஃப் போன்ற பந்தடிக்கும் கூடங்களிலும், திரையைப் பார்த்து ஆடும் சிமுலேட்டர்களிலும் மட்டுமே ஆடியவர்கள். அந்தக் கூடங்களுக்கு அவர்கள் வேலை முடிந்து வந்த உடையிலேயே போகிறார்கள். மட்டையைப் பிடிக்கத் தெரிந்த, பந்தை அடிக்கும் இன்பத்தை அறிந்த இத்தனை பேர் மைதானத்தின் வெளியே நிற்கிறார்கள். அவர்கள் உள்ளே வராததற்கு நேரமும் கட்டணமும் தூரமும் பெரிய காரணங்களாக இருக்கலாம். ஆனால் காசு செலவில்லாமல், ஒரே மாலைக் கூட்டத்தில் நீக்கிவிடக்கூடிய தடை உடை ஒன்றுதான்.

ஒரு மைதானத்தின் குழு இதைச் செய்ய முன்வந்தால், எளிய வழி ஒன்று இருக்கிறது. இப்போதுள்ள உடை விதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே, வாசலில் நிற்கும் ஊழியர் ஒரு பதின்மூன்று வயதுப் பையனிடம் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய காரணத்தை எழுதட்டும். உலோக ஸ்பைக்குக்கு எதிரே எழுத நிறைய இருக்கும். மற்றவரைப் புண்படுத்தும் வாசகங்கள் அச்சிட்ட சட்டைக்கு எதிரே எழுதுவதும் கடினமல்ல. காலருக்கு எதிரே வெயில் என்று எழுதினால், கழுத்தை மூடும் எல்லாச் சட்டைகளையும் அந்த வரியிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டிவரும். காலுறையின் நீளத்துக்கும், சட்டையை உள்ளே செருகுவதற்கும், ஜீன்ஸுக்கும் எதிரே பேனா நிற்கும். எழுத முடிந்தவற்றை முன்பதிவுச் சீட்டிலேயே அச்சிட்டு, வருகிற எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்கலாம். எழுத முடியாதவற்றைக் கூட்டம் முடியும் முன் அடித்துவிடலாம். புரோ ஷாப்பில் சிறுவர் அளவில் நாலைந்து சட்டைகளை இரவல் கொடுக்க வைத்திருந்தால், அடிக்க மனம் வராத மைதானங்களுக்கும் அதுவரை சமாளிக்க ஒரு வழி இருக்கும்.